லிஸ்பன்ல தனியா ஒரு செவ்வாய்க்கிழமை: மேட்டுல ஆரம்பிங்க, ஆத்துல முடிங்க

லிஸ்பனுக்கு ஒரே ஒரு நாள்தான் கையில இருக்கு, தனியா போறேன், எத பாக்குறது எத விடுறதுன்னு கேக்குறவங்க கிட்ட நான் ஒரு தேதிய மட்டும்தான் சொல்லுவேன், 1755 நவம்பர் 1, பூகம்பம் இந்த ஊர புரட்டிப் போட்ட நாள். அத மனசுல வச்சுக்கிட்டு நடந்தா போதும், ஊரு தானா பிரிஞ்சு தெரியும், இது அன்னிக்கு தப்பிச்சது, இது விழுந்தத அப்படியே விட்டு வச்சது, இது மொத்தமா வழிச்சு எடுத்துட்டு புதுசா கட்டினதுன்னு. அன்னிக்கு சகல புனிதர்கள் திருநாள், காலைல ஒன்பதரை தாண்டி ஊர்ல பாதிப்பேர் சர்ச்சுக்குள்ள இருக்காங்க, பீடம் பூரா மெழுகுவர்த்தி. பூகம்பத்துல கல் கட்டடம் எல்லாம் சரிஞ்சுது, தப்பிச்சவங்க வெட்டவெளி பாதுகாப்புன்னு ஆத்தங்கரைக்கு ஓடினாங்க, அங்க தண்ணி உள்வாங்கிட்டு சுனாமியா திரும்பி வந்துச்சு (2004க்கு அப்புறம் நமக்கு இத யாரும் விளக்க வேணாம்), மிச்சம் இருந்தத நாள் கணக்கா எரிஞ்ச தீ தின்னுச்சு. செத்தவங்க எத்தனை பேருங்கறதுல இன்னிக்கும் ஆளுக்கு ஒரு கணக்கு இருக்கு, பதினாயிரக்கணக்குலங்கறதுல மட்டும் சந்தேகம் இல்ல.

நான் போனது 2025 நவம்பர்ல. ஆபீஸ் வேலையா போர்ட்டோ வந்துட்டு, நடுவுல ஒரு நாள் லீவ் போட்டு, முந்தின ராத்திரி ரயில்ல இறங்கினேன், மூணு மணி நேரம் பக்கம் ஆச்சு. தங்கினது மார்ட்டிம் மோனிஷ் பக்கத்துல ஒரு சின்ன ரூம். பொண்ணு தனியா அந்த ஏரியாவுல தங்கலாமான்னு நெட்ல தேடினா பயமுறுத்துவாங்க, எனக்கு அப்படி எதுவும் தோணல, வங்காளதேசத்துக்காரங்க கடை, நேபாளி சாப்பாட்டுக்கடை, ராத்திரி பத்து மணிக்கும் கடைத்தெரு முழிச்சுட்டு இருந்துச்சு, ஆள் நடமாட்டம் இருக்கற தெருவுல ரூம் எடுக்கறதுதான் தனியா போறவங்களுக்கு முதல் பாதுகாப்புங்கறது என் கட்சி. ஆனா அங்க ரூம் எடுத்ததுக்கு உண்மையான காரணம் டிராம் 28.

அந்த மஞ்ச டிராம பத்தி தெரியாதவங்க இல்ல. அது கிளம்புறது மார்ட்டிம் மோனிஷ்ல, பகல்ல போனா அங்க ஒரு மணி நேர க்யூ நிக்கும், ஏறினாலும் ஜன்னல் பக்கம் நிக்க இடம் கிடைக்காது, கூட்டத்துல பிக்பாக்கெட்காரங்களுக்குத்தான் கொண்டாட்டம். காலைல ஏழு மணிக்கு போனீங்கன்னா அது ஒரு சாதாரண டவுன் பஸ் மாதிரி, வேலைக்கு போறவங்க ரெண்டு பேரு, ஸ்கூல் பையன் ஒருத்தன், நீங்க. மரச் சீட்டு, கிறீச்னு சத்தம், சந்துல திரும்பும்போது கைய நீட்டினா வீட்டுச் சுவரத் தொடலாம் (நீட்டாதீங்க). நான் கடைசி வரைக்கும் போகல, மேட்டு மேல கிராசாங்கற ஸ்டாப்ல இறங்கிட்டேன். லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊரு, ஏழு குன்றுன்னு பெருமையா சொல்லிப்பாங்க, முழங்காலுக்குத்தான் தெரியும் அந்தப் பெருமை. அதனால ஏறுறத வண்டிக்கு விட்டுட்டு இறங்குறத மட்டும் கால்ல வச்சுக்கோங்க, அன்னிக்கு என் மொத்த பிளானும் இந்த ஒரு வரிதான்.

டிக்கெட் விஷயம் இங்கயே சொல்லிடறேன், நிறைய பேர் குழம்புறது இதுலதான். மெட்ரோ ஸ்டேஷன் மெஷின்ல நவெகான்ட்னு ஒரு அட்டை கிடைக்கும், அட்டை மட்டும் அரை யூரோ. அதுல 24 மணி நேர டிக்கெட் ஏத்தலாம், இல்ல ஸாப்பிங்னு சொல்லி சும்மா காசு ஏத்தி வச்சுக்கலாம், தொடும்போது தொடும்போது கழியும். மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்குமான சாதாரண 24 மணி நேர டிக்கெட் மடமும் கோபுரமும் இருக்கற பெலேம் பகுதிக்கு போற ரயிலுக்கும் படகுக்கும் செல்லாது, என்னை மாதிரி பாதி நாள் நடந்துட்டு டிராம், ரயில், படகுன்னு மாறி மாறி ஏறுறவங்களுக்கு ஸாப்பிங்தான் சரி. ஒரே அட்டையில ஒரே சமயத்துல ரெண்டு வகை டிக்கெட் நிக்காது, ஒரு அட்டைய ரெண்டு பேர் பகிர்ந்துக்கவும் முடியாது. டிராம்ல ஏறி டிரைவர் கிட்ட காசு குடுத்து வாங்கலாம், ஆனா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

கிராசாவுல இருந்து அஞ்சாறு நிமிஷ ஏத்தத்துல செனோரா டோ மோன்டேன்னு ஒரு வியூ பாயின்ட். சாயங்காலம் பாட்டு, பீர், கூட்டம்னு இருக்குமாம், காலைல நாய் கூட்டிட்டு வந்த ஒரு பெரியவரும் நானும்தான். அங்க நின்னு ஊர ஒரு தடவ வரிசையா பாத்துக்கோங்க, அப்புறம் கீழ போனா தொலைய மாட்டீங்க. இடது பக்கம் கோட்டை, அதுக்கு அந்தப் பக்கம் சரிவுல அல்ஃபாமா, நடுப் பள்ளத்துல ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி பைஷா, எதிர் மேட்டுல கூரை இல்லாத ஒரு சர்ச்சோட எலும்புக்கூடு, அதான் கார்மோ, தூரத்துல சிவப்பு பாலம். நிலநடுக்கம் எங்க எப்படி அடிச்சுதுன்னு அங்க இருந்து பாத்தாலே புரியும். பள்ளத்துல இருக்கற பைஷா ஆத்து வண்டல் மேல உக்காந்த ஊரு, அது போச்சு. பாறை மேட்டுல இருந்த அல்ஃபாமாவுல வீடுங்க நிறைய நின்னுச்சு, அதனாலதான் மூர்கள் (வட ஆப்பிரிக்காவுல இருந்து வந்து ஆண்ட முஸ்லிம்கள்) காலத்து சந்து பொந்து இன்னும் அங்க இருக்கு.

இறங்குற வழியில செவ்வாய், சனிக்கிழமைன்னா சான்டா கிளாரா மைதானத்துல பழைய சாமான் சந்தை, ஃபெய்ரா டா லாட்ரான்னு பேரு. எங்க ஊர் குஜிலி சந்தைய பாத்தவங்களுக்கு புதுசா ஒண்ணும் இல்ல, பழைய சாவி, ஒத்தக் காது கப்பு, யாரோட கல்யாண ஆல்பமோ. பழைய பூ ஓடு, அசுலெஜோ, விலைக்கு வச்சிருப்பாங்க, வாங்காதீங்க, நிறைய பழைய கட்டடத்து சுவத்துல இருந்து திருடி பேத்து எடுக்கறது, போலீசே அத ஒரு பிரச்சனையா எடுத்து வேலை பாக்குறாங்க. ஆசையா இருந்தா புதுசா செஞ்சத கடையில வாங்கிக்கலாம். சந்தைக்கு மேல வெள்ளையா நிக்கற கும்பம் தேசிய பான்தியன், நாட்டோட பெரிய ஆளுங்களுக்கான கல்லறை மண்டபம், 1682ல சர்ச்சா கட்ட ஆரம்பிச்சு 1966லதான் முடிச்சாங்க. நம்ம ஊர் மேம்பாலத்த கிண்டல் பண்றவங்க கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

கோட்டைக்கு உள்ள போகணுமா? என்னைக் கேட்டா ஒரு நாள் பயணத்துல வேணாம். டிக்கெட் 15 யூரோவுக்கு மேல, வரலாறு பெருசுதான், 1147ல போர்ச்சுகலோட முதல் ராஜா அஃபோன்சோ ஹென்ரிக்ஸ் சிலுவைப் போர் வீரங்கள துணைக்கு வச்சுக்கிட்டு மூர்கள் கிட்ட இருந்து புடிச்ச இடம், ஆனா இன்னிக்கு கண்ணுல படற சுவர் பெரும்பகுதி சர்வாதிகாரி சலாசார் ஆட்சியில 1938ல இருந்து 1940க்குள்ள திரும்ப எடுத்துக் கட்டினது. மயில் இருக்கு, காட்சி நல்லா இருக்கும், அந்தக் காட்சிய நாம இலவசமா பாத்தாச்சு. பதிலா சான்டா லூசியா வியூ பாயின்ட்ல அஞ்சு நிமிஷம் நின்னு, சர்ச்சோட வெளிச்சுவர்ல நீல ஓட்டுல வரைஞ்சிருக்கற ரெண்டு படத்த பாருங்க. ஒண்ணு 1147 முற்றுகை, இன்னொண்ணு பூகம்பத்துக்கு முன்னாடி ஆத்தங்கரை அரண்மனை மைதானம் எப்படி இருந்துச்சுன்னு. அத ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அடுத்த ஒரு மணி நேரத்துல அதே மைதானத்துல போய் நின்னு பாத்தேன், வந்ததுக்கு அந்த ஒரு நிமிஷமே போதும்னு இருந்துச்சு.

அல்ஃபாமாவுக்குள்ள மேப் போடாதீங்க, வேலைக்காகாது, ஜிபிஎஸ் உங்கள யாரோ வீட்டு மாடிக்குள்ள நிக்க வைக்கும். கீழ்நோக்கியே நடந்தா எப்படியும் ஆத்துக்கு வந்துடுவோம். ஜன்னலுக்கு ஜன்னல் துணி காயுது, வாசல்ல ஒரு பாட்டி குட்டிக் கப்புல ஜின்ஜின்யா விக்குறாங்க, செர்ரில போட்ட இனிப்பு மது, எனக்கு காலைலயே வேணாம்னு கைய ஆட்டினேன், அவங்க சிரிச்சுட்டு என் ஷூவ காட்டி ஏதோ சொன்னாங்க. ஷூ பத்தி அவங்க சொன்னது திட்டா பாராட்டான்னு புரியல, ஆனா ஷூதான் லிஸ்பன்ல பாதி விஷயம். நடைபாதை பூரா கால்சாடான்னு சின்னச் சின்ன சுண்ணாம்புக்கல், நூத்தம்பது வருஷமா தேஞ்சு தேஞ்சு கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருக்கு, நவம்பர் தூறல்ல ஒரு அமெரிக்க அம்மா என் கண்ணு முன்னாடியே சர்ருனு உக்காந்துட்டாங்க. புது ஸ்னீக்கர், தோல் அடி வச்ச செருப்பு ரெண்டும் ஆகாது, ரப்பர் அடியில நல்லா பிடிமானம் இருக்கறது வேணும், மழையில படிக்கட்டு ஓரமா கைப்பிடிய புடிச்சுக்கிட்டே இறங்குங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல, உள்ளூர் ஆளுங்களே அப்படித்தான் போறாங்க.

கீழ வந்தா அந்த மைதானம், பேரு பிராசா டோ கொமர்சியோ. மூணு பக்கம் மஞ்சக் கட்டடம், நாலாவது பக்கம் ஆறு, அதுக்குப் பேரு தேஜோ, பாத்தா கடல் மாதிரி. பூகம்பத்துக்கு முன்ன இங்க ராஜாவோட அரண்மனை இருந்துச்சு, எழுபதாயிரம் புத்தகம் இருந்த நூலகத்தோட. பக்கத்துல கட்டின ஆப்பரா ஹவுஸ் திறந்து ஏழு மாசம்தான் ஆகியிருந்துச்சு. இந்தியாவுல இருந்து வர்ற மிளகு, லவங்கம், துணி எல்லாத்துக்கும் கணக்கு எழுதின காசா டா இண்டியா ஆபீசும் இங்கதான், அதோட கட்டடமும் ஏகப்பட்ட ஆவணங்களும் அன்னிக்கே போச்சு. நம்ம கடற்கரைய பத்தி அதுல என்னென்ன எழுதி வச்சிருந்தாங்களோ, நெனச்சா வயிறு எரியுது.

ராஜா ஜோசே அன்னிக்கு குடும்பத்தோட பெலேம் பக்கம் இருந்ததால தப்பிச்சார், அதுக்கப்புறம் கல் கூரைக்குக் கீழ படுக்கவே பயந்து, 1777ல சாகுற வரைக்கும் அஜுடா மேட்டுல மரத்துல கட்டின அரண்மனையில, கூடாரத்துலதான் இருந்தார். ஊர எடுத்துக் கட்டினது அவரோட மந்திரி பொம்பால். அந்த மனுஷன் நல்லவரா கெட்டவரான்னு போர்ச்சுகல்ல இன்னும் முடிவாகல, எதிரிங்கள கொடூரமா கொன்னவர், ஆனா அவர் செஞ்ச ரெண்டு காரியம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஒண்ணு, நாடு முழுக்க ஒவ்வொரு பங்குச் சாமியாருக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினது, நடுக்கம் எவ்ளோ நேரம் இருந்துச்சு, கடல் முதல்ல ஏறிச்சா இறங்கிச்சா, கிணத்துத் தண்ணி மாறிச்சான்னு. நிலநடுக்கத்த கடவுள் கோபம்னு பிரசங்கம் பண்ணிட்டு இருந்த காலத்துல இது. ரெண்டாவது, பைஷாவுல கட்டின புது வீடுங்க. சுவத்துக்குள்ள எக்ஸ் எக்ஸா மரச்சட்டம் கோத்து ஒரு கூண்டு, கல் விழுந்தாலும் கூண்டு ஆடி நிக்கும். தாங்குமான்னு பாக்க மாடல் கட்டி சுத்தி ராணுவத்த தடதடன்னு நடக்க விட்டாங்களாம். வீட்டுக்கு வீடு நடுவுல கூரைக்கு மேல தூக்கின சுவர், தீ தாவாம இருக்க. தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்பு தைக்கறவங்க தெருன்னு தொழில் தொழிலா தெரு பிரிச்சு பேரு வச்சது இன்னும் அப்படியே இருக்கு. பைஷா நடுவுல போற ரூவா அகுஸ்டா தெருவுல நடக்கறவங்க எல்லாரும் ஐஸ்கிரீம் கடையத்தான் பாக்குறாங்க, ஜன்னல் எல்லாம் ஒரே அளவுல வரிசை கட்டி நிக்கறத தலை தூக்கி பாருங்க.

அதே தெருவுல ஒருத்தன் வந்து காதுகிட்ட கஞ்சா வேணுமான்னு கேப்பான், நிச்சயம் கேப்பான், எனக்கே கேட்டான். பெரும்பாலும் அவன் கையில இருக்கறது காஞ்ச பிரிஞ்சி இலை மாதிரி ஏதாவதுதான்னு ஊருக்கே தெரியும். நிக்காம, பதில் சொல்லாம நடந்துடுங்க, பின்னாடி வர மாட்டாங்க. ஃபோன காஃபி டேபிள் மேல வைக்காதீங்க, பேக் முன்னாடி, பாஸ்போர்ட் ரூம்ல, நகல் மட்டும் கையில.

ரோசியோ சதுக்கத்துக்கு பின்னாடி சாவோ டொமிங்கோஸ்னு ஒரு சர்ச். யாரும் லிஸ்ட்ல போடறதில்ல, டிக்கெட்டும் இல்ல, நான் அதிக நேரம் உக்காந்திருந்தது அங்கதான். 1755ல அடி வாங்கி எழுந்த கட்டடம், 1959ல தீ. 1994ல திரும்ப திறந்தப்ப கருகின தூண்கள மூடி மறைக்கல, தீயில வெடிச்சு செதில் செதிலா பேந்த கல்லு அப்படியே இருக்கு, மேல மட்டும் செங்காவி நிறத்துல கூரை. உள்ள நுழைஞ்சா தொண்டைய அடைக்கும். ஆனா இந்த இடத்தோட பெரிய காயம் அதுக்கும் முந்தினது. 1497ல யூதர்கள கட்டாயமா மதம் மாத்தினாங்க, அவங்களுக்கு 'புதுக் கிறிஸ்தவங்க'ன்னு பேரு. 1506 ஏப்ரல்ல, பஞ்சமும் கொள்ளை நோயும் இருந்த நேரம், இந்த சர்ச்சுல சிலுவையில ஒரு வெளிச்சம் தெரியுது, அதிசயம்னு கூட்டம் கூடுது, அது மெழுகுவர்த்தி வெளிச்சமா இருக்கும்னு ஒரு புதுக் கிறிஸ்தவர் சொல்லிட்டார், இழுத்துட்டுப் போய் அடிச்சே கொன்னாங்க. அதுல ஆரம்பிச்ச கொலை மூணு நாள் நடந்துச்சு, ஆயிரக்கணக்குல செத்தாங்க. தூண்டி விட்டதுல டொமினிக்கன் சாமியாருங்களே இருந்தாங்க, ராஜா பின்னாடி தண்டனை குடுத்தார். 2008ல வெளிய ஒரு நினைவுக்கல் வச்சிருக்காங்க, தாவீதின் நட்சத்திரம் செதுக்கினது. அந்தக் கல்லுக்கு அம்பது அடி தள்ளி ஜின்ஜின்யா கடையில சுற்றுலாக்காரங்க கப்பு கப்பா குடிச்சுட்டு இருக்காங்க, ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க அந்தக் கல்ல சுத்தி நின்னு மத்தியானக் கதை பேசிட்டு இருக்காங்க. கோபப்படவும் தோணல, சந்தோஷப்படவும் தோணல.

சாப்பாடு. தனியா போறவங்களுக்கு லிஸ்பன் வசதி, ஏன்னா பழைய சின்னக் கடைகள்ல கவுன்ட்டர் உண்டு, நின்னுட்டோ ஸ்டூல்ல உக்காந்தோ சாப்பிடலாம், ரெண்டு பேர் டேபிள ஒருத்தி புடிச்சுட்டாளேன்னு யாரும் முறைக்க மாட்டாங்க. நான் சாப்பிட்டது பகல்யாவ் ஆ பிராஸ், உப்புக் கருவாடா வந்த காட் மீன ஊற வச்சு பிச்சு, தீக்குச்சி சைஸ் உருளை வறுவலும் முட்டையும் போட்டு கிளறினது, மேல கருப்பு ஆலிவ். முட்டைப் பொடிமாஸ்ல கருவாடு போட்ட ருசி, கூட ஒரு பச்சை மிளகா கடிச்சுக்கலாம்னு இருந்துச்சு. கடையில உக்காந்த உடனே கேக்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டு வந்து வைப்பாங்க, அன்புன்னு நெனச்சு தொட்டீங்கன்னா பில்லுல வரும். வேணாம்னு சொன்னா எடுத்துட்டுப் போயிடுவாங்க, அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் கிடையாது. சைவம் சாப்பிடறவங்களுக்கு கொஞ்சம் கஷ்டம்தான், கீரை சூப்னு நம்பி வாங்கற கால்டோ வெர்டேல பன்னி இறைச்சித் துண்டு மிதக்கும், சொல்லி வாங்கணும். அதுக்குத்தான் மார்ட்டிம் மோனிஷ் பக்கம் இருக்கு, நேபாளி கடையில தால் பாத் பத்து யூரோவுக்குள்ள வயிறு நிறைய கிடைக்கும்.

அடுத்து கார்மோ. ரோசியோவுல இருந்து படியேறணும். பக்கத்துல சான்டா ஜுஸ்டான்னு 1902ல கட்டின இரும்பு லிஃப்ட் இருக்கு, 45 மீட்டர், ஆனா 2025 செப்டம்பர் 3ல குளோரியா ஃபூனிக்குலர் (மேட்டுல கம்பி கட்டி இழுக்கற டிராம்) தடம் புரண்டு 16 பேர் செத்ததுக்கு அப்புறம் அந்த மாதிரி பழசு எல்லாத்தையும் சோதனைக்காக நிறுத்தி வச்சிருந்தாங்க, நான் போனப்ப ஓடல. போறவங்க அன்னிக்கு நிலவரம் பாத்துக்கோங்க. லிஃப்ட் ஓடினாலும் கீழ க்யூல நிக்கறதுக்கு படியேறி கார்மோ பக்கமா மேல போறதுதான் புத்திசாலித்தனம், கஷ்டம் பத்து நிமிஷம்.

கார்மோ மடத்த 1389ல நூனோ ஆல்வாரெஸ் பெரெய்ரான்னு ஒரு தளபதி கட்ட ஆரம்பிச்சார். 1755ல கூரை விழுந்துச்சு. திரும்பக் கட்ட ஆரம்பிச்சாங்க, 1834ல துறவி மடங்கள அரசாங்கம் கலைச்சப்ப வேலை பாதியில நின்னுச்சு, அப்படியே விட்டுட்டாங்க. இப்ப கல் வளைவு மட்டும் விலா எலும்பு மாதிரி மேல போகுது, நடுவுல வானம், கீழ புல்லு. நான் போனப்ப தூறல், மழை நேரா சர்ச்சோட நடு மண்டபத்துல விழுந்துட்டு இருந்துச்சு, குடை புடிச்சுட்டு சர்ச்சுக்குள்ள நிக்கறது ஒரு தினுசா இருந்துச்சு. ஏழு யூரோ பக்கம் டிக்கெட், ஞாயித்துக்கிழமை லீவு. பின் அறையில சின்ன மியூசியம், சம்பந்தமே இல்லாம பெரு நாட்டு மம்மி ரெண்டு கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கும், குழந்தைங்கள கூட்டிட்டு போறவங்க முன்னாடியே சொல்லி வைங்க. வெளிய அந்தச் சின்ன சதுக்கத்துலதான் 1974 ஏப்ரல் 25ல சலாசாருக்கு அப்புறம் வந்த பிரதமர் கயெட்டானோ, அங்க இருந்த படை முகாமுக்குள்ள ஒளிஞ்சிருந்து சரணடைஞ்சது, வெளிய துப்பாக்கி முனையில கார்னேஷன் பூ. அங்கோலா, மொசாம்பிக்ல பதிமூணு வருஷமா சண்டை போட்டு வெறுத்துப் போன ராணுவ அதிகாரிங்க நடத்தின புரட்சி. இந்த ஊர்ல ஒரே கல்லுல ரெண்டு மூணு காலம் ஒட்டிட்டு இருக்கு.

அங்க இருந்து ஷியாதோ வழியா இறங்கினா 1732ல ஆரம்பிச்ச பெர்ட்ரான்ட் புத்தகக் கடை, உள்ள எட்டிப் பாத்துட்டு கைஸ் டோ சொத்ரே ஸ்டேஷனுக்கு நடந்துடலாம். பெலேமுக்கு எல்லாரும் டிராம் 15ல தொங்கிட்டு போறாங்க, அதே இடத்துக்கு ரயில் ஏழெட்டு நிமிஷத்துல போகுது, உக்காந்துக்கிட்டு.

பெலேம்ல ஜெரோனிமோஸ் மடம், திங்கக்கிழமை லீவு. க்ளாய்ஸ்டருக்கு (மடத்து உள் முற்றத்த சுத்தி இருக்கற தாழ்வாரம்) டிக்கெட் 18 யூரோ, சர்ச்சுக்கு டிக்கெட் இல்ல, க்யூ வேற வேற. 1500களோட ஆரம்பத்துல மனுவேல் ராஜா கட்ட ஆரம்பிச்சது, காசு எங்க இருந்து வந்துச்சுன்னா ஆப்பிரிக்காவுலயும் கிழக்குலயும் பண்ண வியாபாரத்துல நூத்துக்கு அஞ்சு வரி. நேராச் சொன்னா நம்ம பக்கத்து மிளகு. தூண்ல கயிறு, பவளம், கடல் பாசின்னு செதுக்கியிருக்கான், அழகு, சந்தேகமே இல்ல, க்ளாய்ஸ்டருக்கு குடுத்த காசு எனக்கு வலிக்கல. சர்ச் வாசல்ல உள்ள நுழைஞ்ச உடனே ஒரு பக்கம் வாஸ்கோடகாமா கல்லறை, இன்னொரு பக்கம் கவிஞர் கமோயிஷ். காமா 1524ல கொச்சியில செத்து, அங்கயே புதைச்சு, 1539ல எலும்ப போர்ச்சுகலுக்கு கொண்டு வந்து, 1880லதான் இங்க வச்சாங்க. கமோயிஷ் புதைச்ச சர்ச் 1755ல நொறுங்கினதால உள்ள இருக்கறது அவரோட எலும்புதானான்னே சந்தேகம். எல்லாரும் காமா கல்லறை மேல கேமராவ நீட்டிட்டு இருந்தாங்க. நான் பள்ளிக்கூடத்துல 'கடல்வழி கண்டுபிடித்தவர்'னு படிச்சது மட்டும்தான் ரொம்ப நாளா தெரியும், 1502ல மக்காவுல இருந்து திரும்பின யாத்ரீகர்கள அவங்க கப்பலோட வச்சு கொளுத்தினது பின்னாடி படிச்சது. ஃபோட்டோ எடுக்கல.

அதுக்கு அம்பத்திரண்டு வருஷம் கழிச்சு, 1554ல, இதே லிஸ்பன்ல ஒரு சின்ன ஜெபப் புத்தகம் அச்சாச்சு, தமிழ் வாக்கியங்கள ரோமன் எழுத்துல போட்டு, கூடவே போர்ச்சுகீசும். தமிழ் எழுத்துலயே அச்சான முதல் புத்தகம் வர்றது 1578ல, கொல்லத்துல. அந்த லிஸ்பன் புத்தகத்துக்கு வேலை பாத்ததுல நம்மாளுங்க மூணு பேர் இருந்தாங்க, விசென்டே டி நசரே, ஜோர்ஜ் கர்வால்யோ, தோமா டா குருஸ்னு ஞானஸ்நானப் பேரோட பதிவாகி இருக்கு, அவங்க சொந்தப் பேரு என்னன்னு எங்கயும் காணோம். அவங்க இந்தக் கரையில நவம்பர் குளிர்ல நடந்திருப்பாங்களான்னு யோசிச்சுட்டே பெலேம் கோபுரத்துக்கு போனேன். கோபுரம் பராமரிப்புக்காக மூடி இருந்துச்சு, வருத்தமில்ல, நான் பாக்க வந்தது வெளிய இருந்தே தெரியற ஒரு காண்டாமிருகத் தலை. ஒரு காவல் கூண்டுக்கு அடியில தேஞ்சு போய் நாய் மாதிரி இருக்கும், தேடணும். 1515ல குஜராத் சுல்தான் குடுத்த காண்டாமிருகம் கப்பல்ல லிஸ்பன் வந்து இறங்கிச்சு, ராஜா அத யானையோட மோத விட்டுப் பாத்தார், யானை ஓடிருச்சு. அப்புறம் போப்புக்கு பரிசா அனுப்பினாங்க, இத்தாலி கரை பக்கத்துல கப்பல் முழுகி அதுவும் போச்சு, பாவம்.

நாட்டா, அதாவது கஸ்டர்ட் வச்ச குட்டி டார்ட், சாப்பிடாம பெலேம விட்டு வர முடியாது. 1837ல இருந்து இருக்கற அந்தக் கடையில வெளிய பெரிய க்யூ தெரியும், அது பார்சலுக்கு. உள்ள நீல ஓடு பதிச்ச அறை அறையா போயிட்டே இருக்கும், நேரா உள்ள போய் உக்காந்துடுங்க, பெரும்பாலும் இடம் கிடைக்கும். சூடா வரும், பட்டைத் தூள் தூவிக்கணும். முட்டை மஞ்சக்கரு நிறைய, முட்டை சேக்காதவங்களுக்கு ஆகாது.

நவம்பர்ல அஞ்சே காலுக்கெல்லாம் சூரியன் போயிடும், அதனால வெளிய பாக்கறத எல்லாம் முன்னாடி வச்சுக்கிட்டு இருட்டினதுக்கு அப்புறம் படகுன்னு பிளான் பண்ணியிருந்தேன். கைஸ் டோ சொத்ரேக்கு திரும்பி வந்து கசில்யாஷ் படகு, அக்கரைக்கு பத்து நிமிஷம், ஒண்ணரை யூரோ பக்கம், அதே அட்டை செல்லும். டூரிஸ்ட் போட்டுக்கு முப்பது யூரோ கேப்பாங்க, இது ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போறவங்க படகு, மொத்த லிஸ்பனும் விளக்கோட தெரியும், வலது கைப் பக்கம் 1966ல சலாசார் பாலம்னு திறந்து 74க்கு அப்புறம் ஏப்ரல் 25 பாலம்னு பேர் மாத்தின அந்த சிவப்பு பாலம். அக்கரையில இறங்கி ஒரு காஃபி குடிச்சுட்டு அடுத்த படகுல திரும்பிட்டேன்.

ஃபாடோன்னு இந்த ஊரோட சோகப் பாட்டு கேக்க ஆசைப்படறவங்க ஒண்ணு கவனிங்க, அல்ஃபாமாவுல நிறைய கடையில சாப்பாட்டோட சேத்து ஆளுக்கு குறைஞ்சபட்சம் இவ்ளோன்னு ஒரு தொகை உண்டு, உக்காரறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது, வெயிட்டரும் தட்டு எடுக்க மாட்டார். எனக்கு கால் விட்டுப் போச்சு, போகல. செலவுன்னு பாத்தா ரூம் வாடகை தவிர்த்து அறுபது யூரோவுக்குள்ள, அதுல க்ளாய்ஸ்டரும் கார்மோவும்தான் பெருசு, அது ரெண்டையும் விட்டா முப்பத்தஞ்சுலயே முடிச்சுடலாம், ஆனா கார்மோவ விடாதீங்க.